ஓடுகிற பேருந்திலிருந்து

ஒரு 'சரி' வாங்கி வருவதற்காக ஈப்போவிலிருந்து உத்திரமேரூருக்குப் போனேன். அதைச் சொல்லவேண்டியவர் கோமதி அக்கா. உத்திரமேரூர் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா கன்னியப்பன் வரைந்த 'நேர்' என்ற எழுத்துருவில், எங்கள் மலேசியப் பிள்ளைகளுக்கு ஒரு முதல் வாசிப்புப் புத்தகம் செய்து முடித்திருந்தேன். வாரிசு சம்மதித்தால் அச்சுக்குப் போகும். இல்லையென்றால் அவ்வளவு உழைப்பும் வீண்.

கன்னியப்பனின் பெயரைக் கேட்டிராதவர்கள்கூட அவர் எழுத்தைப் பார்த்திருப்பார்கள். தமிழ் எழுத்தின் உடம்பிலிருந்து நகைநட்டைக் கழற்றியவர் அவர். தடித்து மெலிகிற கோடு கிடையாது. சுழிக்கு வால் கிடையாது. எல்லாக் கோடும் ஒரே கனம், எழுத்துக்கு எழுத்து தாராளமான இடைவெளி. 'இது எலும்புக்கூடு' என்று அந்தக் காலத்துப் பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அந்த எலும்புக்கூட்டின் மேல்தான் சதை வைத்தார்கள். கைப்பேசியிலும் மருந்து அட்டையிலும் நாம் இன்று படிக்கிற தமிழ் எழுத்துகளில் பல அவருக்குப் பேரன் பேத்தி முறை.

தன்னைப் பற்றி அவர் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அதனால் ஆளாளுக்குக் கதை கட்டினார்கள். மெட்ராஸில் எழுத்து வார்க்கும் ஆலையில் வேலை பார்த்தபோது ஜெர்மன் மாதிரிப் புத்தகங்களைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று ஈப்போவில் என் எழுத்து வடிவமைப்பு மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நானும் சொல்லிவந்தேன். யாரோ எனக்குச் சொன்னது அது.

ஞாயிற்றுக்கிழமை கோமதி அக்கா வீட்டில் நாலு பேரை வைத்து ஒரு சின்ன நன்றிக் கூட்டம் என்று பேசியிருந்தோம். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. அவர் வாட்ஸப் படத்தை எடுத்து, நிறத்தை உருவிக் கறுப்பு வெள்ளையாக்கி, சுற்றிலும் ஒரு கறுப்புக் கோடு போட்டு, அவர் பெயரை அவருடைய அப்பாவின் எழுத்திலேயே பெரிதாக வைத்து ஒரு பேனர் வடிவமைத்தேன். மேலே சின்னதாக 'எழுத்துக் கலைஞர் கன்னியப்பனின் மகளுக்கு எங்கள் நன்றி.' கீழே 'ஞாயிறு காலை பத்து மணி, அவர் இல்லம்.' சென்னைத் தோழி ஒருத்தி மூலம் உத்திரமேரூர் ஃபிளெக்ஸ் கடைக்கு அந்த வடிவமைப்பை அனுப்பி, அங்கும் வாலாஜாபாத்திலும் கட்டச் சொன்னேன். அக்காவுக்குத் தெரியாது. வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை தாம்பரத்தில் பேருந்து ஏறினேன். ஒரகடம் தாண்டியதும் டயர் வெடித்தது. எங்கள் ஊரில் பேருந்து நின்றால் எல்லோரும் தலையைக் குனிந்து கைப்பேசியைப் பார்ப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கி ஓட்டுநருக்கு யோசனை சொன்னார்கள். என் கைப்பேசியோ இந்திய மண்ணை மிதித்ததிலிருந்து மூச்சு விடவில்லை. வெயிலில் நின்று வேர்க்கடலை தின்றேன். மணல் வாசனையோடு வறுத்த கடலை, உரித்த சூட்டில் விரல் சுட்டது.

வாலாஜாபாத் நிலையத்தை ஒட்டிப் போகையில் என் பேனர் தெரிந்தது. வண்டி நிற்கவில்லை, வேகம்கூடக் குறையவில்லை. இருந்தும் 'கோமதி' என்ற பெயர் பளிச்சென்று கண்ணில் வந்து விழுந்தது. பெருமையில் நெஞ்சு விம்மியது. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவும் அதைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"பாவம், போட்டோல நல்லாத்தான் கீறாங்க."

"ரொம்ப நல்லவங்க. நான் அவங்க வீட்டுக்குத்தான் போறேன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து என் மடியில் வைத்து, "சாப்டுமா, தெம்பு வேணும்" என்றார். இப்படியும் ஓர் ஊரா என்று நெகிழ்ந்து கொய்யாவைக் கடித்தேன்.

உத்திரமேரூரில் இறங்கி, நிலையத்துக்கு எதிரே டீ குடிக்க நின்றேன். எங்கள் ஊரில் தே தாரே என்று இழுத்து ஆற்றித் தருகிற பால் தேநீரில் பாதி அளவு, இரண்டு மடங்கு சூடு. கடைக்காரர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "கல்வெட்டு பாக்க வந்தீங்களா, சாவுக்கு வந்தீங்களா?" என்று கேட்டார். வெளியூர்க்காரருக்கு இந்த ஊரில் இரண்டே வேலைதான் போலும்.

"உரக்கடை கோமதி அக்கா வீட்டுக்கு."

அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "வெளிநாட்ல இருந்து ஒருத்தர் வரணும்னு சொன்னாங்களே, அது நீங்கதானா? உங்களுக்கோசரம்தாம்மா ஞாயித்துக்கெழம வரைக்கும் வச்சிக்கினு கீறாங்க."

"எதை?"

"பாடியத்தான்."

போன வாரம்தான் என்னிடம் பேசியவர். 'வாங்கமா, வந்து எங்க ஊரு இட்லிய சாப்ட்டுப் பாருங்க' என்றவர். கடல் கடந்து வந்து ஒரு பிணத்தின் முன்னால் நிற்கப் போகிறேன். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது புத்தகம்தான். அப்படி வந்ததே என்று என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. டீயை வைத்துவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். வழியில் இரண்டு பெண்கள் ஒன்றும் கேட்காமலே எனக்குத் தெருவைக் காட்டினார்கள். தெருமுனையில் என் பேனர் கட்டியிருந்தது. நான் வைக்காத இரண்டு குத்துவிளக்குகள் படத்தின் இரு பக்கமும் அச்சில் எரிந்துகொண்டிருந்தன.

வீட்டு வாசலில் ஒரு சின்ன வேன். அதிலிருந்து, பிணத்தை வைக்கிற ஐஸ் பெட்டியை இரண்டு பேர் பாதி இறக்கியிருந்தார்கள். சுற்றிலும் தெருவே நின்றது. கூட்டத்தின் நடுவில் இரு கைகளிலும் துணிப் பையோடு, அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கிய ஓர் அம்மா ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"யாருக்குப்பா இது?"

"கோமதின்றவங்களுக்கு."

"நான்தாம்பா கோமதி."

ஓட்டுநர் தன் கைப்பேசியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி கைப்பேசியைப் பார்த்தார். "அப்ப எறக்கவா, வேணாவா?"

விஷயம் இதுதான். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் காலையிலேயே கடையையும் வீட்டையும் பூட்டிக்கொண்டு காஞ்சிபுரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். மதியம் பேனர் ஏறியது. வீடு பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் கொண்டு வரவில்லை என்று தெரு முடிவு செய்தது. ஞாயிறு வரை காத்திருப்பது ஏன் என்பதற்கும் தெருவே ஒரு காரணம் கண்டுபிடித்தது. இறந்தவரின் வீட்டில் கேட்டுத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று யாரும் போன் செய்யவில்லை. பாசத்தில் யாரோ ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டார்கள்.

எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி வந்து அக்காவின் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்த் தன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"இத்த யாரு அடிக்கச் சொன்னது?"

"நான்தாங்கக்கா. ஈப்போவிலிருந்து வந்திருக்கேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "பெட்டிய உள்ள வைங்க. மூஞ்சி கழுவிக்கினு வாங்க, சோறு ஆக்குறேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சனிக்கிழமை காலை, "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இட்லியும் வடகறியும் வைத்தார். எங்கள் ஊரில் 'பசியாறியாச்சா' என்போம். வடகறியில் சோம்பு தூக்கலாக இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் வெட்கமில்லாமல் இன்னொரு முறை கேட்டிருப்பேன். சாப்பிட்டதும் இருவரும் ஃபிளெக்ஸ் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் பாஷா பாய்க்கு அறுபது இருக்கும். அவருடைய அத்தா காலத்தில் அது கால் மிதி இயந்திரம் வைத்த அச்சகம். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"தப்பாயிடுச்சி கோமதி. ராத்திரியே இங்க ரெண்டையும் அவுத்துட்டேன். வாலாஜாபாத்துதும் இன்னிக்கோ நாளைக்கோ எடுத்துட்றேன். பையன் படத்த என்கிட்ட காட்டாமலே மிஷின்ல ஏத்திட்டான், நான் ஊர்ல இல்ல."

"அந்த விளக்கு எதுக்கு பாய்?" என்றேன்.

"வெளக்கு இல்லாம எப்பிடிமா? வெளிநாட்டு ஆளுங்க, மறந்துட்டாங்கன்னு பையன் நெனச்சிருக்கான்."

"மேலே 'நன்றி'ன்னு எழுதியிருந்தேனே. அதைப் படிக்கலையா?"

பாய் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அந்த எழுத்தப் பாத்தாலே தெரியுதே. அதுக்கு மேல எதுக்குப் படிக்கணும்?"

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைக் கடை வாசலுக்குக் கூட்டிப்போய்த் தெருவைக் காட்டினார். மஞ்சள்நீராட்டு விழா, புதுமனை புகுவிழா, கட்சிக்காரர் பிறந்தநாள், எல்லாம் கொழுத்த சுழி எழுத்தில். மின்கம்பத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி, 'நேர்'. மருந்துக்கடைச் சுவரில் முதலாம் ஆண்டு நினைவு, 'நேர்'. எதிரே பதினாறாம் நாள் காரியம், அதுவும் 'நேர்'.

"கன்னியப்பன் மாமா மொதமொதல்ல இந்த எழுத்த எங்க அத்தா கையிலதான் குடுத்தாரு. அன்னிலருந்து இந்தச் சுத்துவட்டாரத்துல சாவுன்னா இதுதான். கல்யாணத்துக்கு இத்தப் போட்டேன்னு வைங்க, மாப்ள வூட்டுக்காரன் என்ன உயிரோட வுட மாட்டான்."

உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் அர்த்தம் இந்த எழுத்துக்கு அவர் பிறந்த ஊரில் இருக்கிறது. அதில்தான் நான் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஆட்டுக்குட்டியும் இலையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மதியம் உரக்கடையில், யூரியா மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து அக்கா மீதியைச் சொன்னார்.

"எங்கப்பாக்கு ஒரு அக்கா. கூடப் பொறந்தது அது ஒண்ணுதான். வாலாஜாபாத்துல குடுத்திருந்தாங்க. திடீர்னு செத்துப்போச்சி. மெட்ராஸுக்குத் தந்தி குடுத்தாங்க, அது போய்ச் சேர்றதுக்குள்ள அப்பா லீவுல ஊருக்கு பஸ் ஏறிட்டாரு. வாலாஜாபாத் ஸ்டாண்டு செவுத்துல சாவு நோட்டீஸ் ஒட்டிகீது. அந்தக் காலத்து எழுத்து, கோலம் போட்ட மாதிரி சுழிச்சி சுழிச்சி. பஸ்ஸு நிக்கல. யாருக்கோ சாவுன்னு மட்டும் தெரிஞ்சுதாம். யாரோ எவரோன்னு கண்ண மூடித் தூங்கிட்டாராம்."

அக்கா ஒரு வாடிக்கையாளருக்கு வேப்பம் புண்ணாக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

"இங்க வந்தா வூடு பூட்டிகீது. பக்கத்து வூட்ல சொல்றாங்க. ஓடனாரு. அதுக்குள்ள எடுத்துட்டாங்க."

செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப் புடவை வரவேண்டும். கோடி என்பார்கள். அதைச் சகோதரன்தான் கொண்டுவந்து போர்த்தவேண்டும். எங்கள் பக்கமும் அது உண்டு. இருட்டும் வரை தம்பிக்காக வைத்திருந்து பார்த்துவிட்டு, கடைசியில் மாமியார் வீட்டுப் புடவையோடேயே அந்த அக்காவைத் தூக்கிவிட்டார்கள்.

"அதுக்கப்புறம்தாம்மா இந்த எழுத்து. ஒரு பேரு எழுதி அதே செவுத்துல ஒட்டுவாராம். பஸ் ஏறி அந்த வழியா போவாராம். படிக்க முடியலன்னா எறங்கி, திருத்தி, மறுபடியும் ஒட்டுவாராம். ஓடுற பஸ்லருந்து பேரு தெரியணும், அது ஒண்ணுதான் அவருக்கு."

ஜெர்மனியும் இல்லை, மாதிரிப் புத்தகமும் இல்லை. கோலாலம்பூரில் கருவி வைத்துக் கண்ணின் அசைவை அளந்து நாங்கள் செய்கிற சோதனையை அந்த மனிதர் ஒரு சுவரையும் ஒரு பேருந்தையும் வைத்துச் செய்திருக்கிறார், அழுதுகொண்டே. என் வகுப்பில் இதை எப்படிச் சொல்வேன் என்று யோசித்தேன்.

"எங் கல்யாணப் பத்திரிகைய அப்பா ஆசையா அந்த எழுத்துல வரஞ்சாரு. பொண்ணு வாழணுமா வேணாமான்னு பெரியவங்க கேட்டாங்க. கிழிச்சிப் போட்டுட்டு சுழி எழுத்துல அடிச்சிக்கினு வந்தாரு." அக்கா தராசைத் துடைத்தார். "போன வாரம் உங்ககிட்ட பேசசொல்ல, கடல் தாண்டினா சாவு எழுத்துன்ற பேரு போயிடும்னு நெனச்சேன். ஆனா நேத்து என் பேர நானே பாத்து ஒரு நிமிஷம் செத்துட்டேம்மா. பிஞ்சுப் பசங்க கையில அது வேணாம். தப்பா நெனச்சிக்காதீங்க."

என் பேனர்தான் என் புத்தகத்தைக் கொன்றது. வேறு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா, கூப்பிட்டவர்களுக்குச் சாப்பாடு போடாமல் விடுவதில்லை என்று சமைத்தார். நாலு பேருக்கு என்று தொடங்கியது. பேனர் புண்ணியத்தில், செத்துப் பிழைத்தவரைப் பார்க்க ஊரே வந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் சிரித்தார்கள், திருஷ்டி கழித்தார்கள், பாயாசம் குடித்தார்கள். நான் இலை போட்டேன். மனம் அதில் இல்லை.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். தோளில் ரோஜா மாலை, கையில் ஒரு துணிக்கடைப் பை. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக் குழம்பி உள்ளே எட்டிப் பார்த்தவர், பாயாச வாளியோடு வந்த அக்காவைக் கண்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மாலை தரையில் சரிந்தது.

"ஏழுமலை" என்றார் அக்கா.

அக்காவின் சித்தப்பா மகன். வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் வேலை. அக்காவுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை, தம்பி என்றால் இவர்தான். ஏதோ ஒரு வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று பல வருடங்கள் ஆகின்றன என்று பக்கத்தில் இருந்த பெண் என் காதில் சொன்னாள்.

யாரோ அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ நடந்ததைச் சொன்னார்கள். அவர் பாதிதான் காதில் வாங்கினார்.

"ரெண்டு நாளா ஊர்ல இல்ல, இன்னிக்குக் காலைலதான் மில்லுக்குப் போய்க்கினு இருந்தேன்க்கா. ஸ்டாண்டு தாண்டசொல்ல உன் பேரு தெரிஞ்சுது. அடுத்த ஸ்டாப்புல குதிச்சி எறங்கி, துணிக்கடைக்காரரு வூட்டுக் கதவத் தட்டி எழுப்பி..." பையை மட்டும் காட்டினார்.

பாஷா பாய் இன்னும் அவிழ்க்காத வாலாஜாபாத் பேனர்.

அக்கா வாளியைக் கீழே வைத்தார். "பஸ்ஸு நின்னுச்சா?"

"இல்லக்கா."

"மெதுவா போச்சா?"

"வேகமாத்தான் போச்சி. நான் ஜன்னல் பக்கம்கூட இல்ல, நின்னுக்கினு வந்தேன். ரெண்டு பேர் தலைக்கு நடுவுல தெரிஞ்சுது, கோமதின்னு."

அக்கா அவர் கையிலிருந்து பையை வாங்கிப் பிரித்தார். அரக்குக் கரை போட்ட பச்சைப் புடவை. மடிப்புக் கலையாமல் கோடி வாசனை அடித்தது. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவர் உள்ளே போனார். ஏழுமலை தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அக்கா திரும்பி வந்தபோது அந்தப் புடவையைக் கட்டியிருந்தார்.

ஒரு பெண் வாயில் கை வைத்தாள். "அய்யய்யோ, சாவுக்கு எடுத்ததாச்சே. அத்தப் போய் கட்டலாமா?"

"என் பொறந்த வூட்டுக் கோடி. நேரத்துக்கு வந்துகீது. உயிரோட கீறசொல்ல கட்டிக்கினா இன்னா?" கொசுவத்தை இழுத்துச் சரிசெய்தார். "எங்கப்பா எழுத்து வேலை செஞ்சிகீது பாத்தியாடா" என்று ஏழுமலையின் தலையில் கை வைத்து அழுதார். நானும் அழுதேன். அடக்கிக்கொள்ளவில்லை.

இலை எடுத்த பிறகு என்னைக் கூப்பிட்டார். "அந்தப் புக்கு கையில வச்சிகீறீங்களா?"

பெட்டியின் அடியிலிருந்து மாதிரிப் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தைத் திறந்து, எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். பெரிய 'அ'. கீழே ஒரு பெண்ணின் படம், 'அம்மா'.

"இது மட்டும் மாத்துங்க. 'அ'வுக்கு அக்கான்னு போடுங்க. நல்ல பொடவ கட்டி வைங்க."

"அப்போ புத்தகம்..."

"பசங்க படிக்கட்டும்."

ஈப்போவுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை மாற்றினேன். பச்சைப் புடவை, அரக்குக் கரை. அம்மாவை உள்ளே வேறொரு பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன்.